வியன்னா: எங்கே சாப்பிடலாம், எதை விட்டுவிடலாம்

வியன்னாவுக்குக் கிளம்புவதற்கு முன் என் கணவர் ஓர் எக்செல் ஷீட் தயார் செய்திருந்தார். நாலரைக்கு மேல் ரேட்டிங் உள்ள உணவகங்களை எல்லாம் வரிசையாகப் போட்டு, தங்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் பக்கத்தில் குறித்திருந்தார். பாவம், நல்ல உழைப்பு. அதில் இத்தாலியன் இருந்தது, ஜப்பானியன் இருந்தது, பர்கர் கடை இருந்தது. வியன்னா மட்டும் இல்லை. ரேட்டிங்கை மட்டும் பார்த்தால் எந்தத் தலைநகரத்துக்கும் இதே பட்டியல்தான் வரும்.

சின்னப் பயணத்தில் கிடைப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய வேளைகள்தான். அதனால் நான் வேறு கேள்வி கேட்டேன்: இந்த ஊரை விட்டால் வேறெங்கும் கிடைக்காத சாப்பாட்டுக்கடை வகை எது? வியன்னாவில் அதற்கு விடை சுலபம். பழைய காப்பி ஹவுஸ், பைஸல் என்று சொல்லப்படும் சாதாரணச் சாப்பாட்டுக்கடை, தெருவோர சாஸேஜ் கடை, ஊர் எல்லைக்குள்ளேயே இருக்கும் திராட்சைத் தோட்ட ஒயின் கடை. வகைக்கு ஓர் இடம் போதும். அந்த இடம் எதற்குப் பேர்போனதோ அதை மட்டும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். முன்பதிவு செய்து, நல்ல துணி போட்டுக்கொண்டு போகும் விருந்து ஒன்றே ஒன்று.

எங்கள் கோஷ்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் மதிப்பெண்கள் புரியாது. அத்தை, அதாவது கணவரின் அம்மா, சுத்த சைவம். ஆனால் கேக்கில் கரைந்து காணாமல்போன முட்டையைப் பற்றி விசாரணை நடத்தமாட்டார். கணவர் எதையும் சாப்பிடுவார். நான் மாட்டிறைச்சி தவிர மற்றதெல்லாம். நாங்கள் போனது செப்டம்பர் கடைசியில்.

காப்பி ஹவுஸிலிருந்து தொடங்குகிறேன். எல்லோரும் சொல்வது கஃபே சென்ட்ரல். 1876இல் தொடங்கியது, ஃபெர்ஸ்டல் மாளிகையின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. தூண்களும் வளைவுக் கூரையும் பார்த்தால் கோயில் மண்டபத்துக்குள் மேசை நாற்காலி போட்ட மாதிரி இருக்கும். ட்ராட்ஸ்கி இங்கே உட்கார்ந்து சதுரங்கம் ஆடியிருக்கிறார். எழுத்தாளர் பேட்டர் ஆல்டன்பெர்க் இங்கேயே குடியிருந்தார் என்று சொல்லும் அளவுக்கு வந்துகொண்டிருந்ததால், வாசலருகே அவருக்கு ஆளுயரப் பொம்மையே வைத்திருக்கிறார்கள். அழகில் குறையே இல்லை. ஆனால் பகலில் வாசலுக்கு வெளியே வரிசை நிற்கும், உள்ளே கேமராக்கள் ஓயாது. காப்பி ஹவுஸின் சுகமே யாரும் நம்மை எழுப்பாமல் இருப்பது. வெளியே இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் மனசு எப்படி ஆற அமர உட்காரும்? கட்டிடத்துக்காகப் போகிறீர்களா, காலையில் திறந்தவுடன் போங்கள்.

என் ஓட்டு கஃபே ஷ்பெர்லுக்கு. கும்பென்டார்ஃபர் தெருவில் 1880 முதல் இருக்கிறது. மரத்தரை, உயரமான ஜன்னல்கள், தேய்ந்துபோன மெத்தை இருக்கைகள், ஒரு பக்கம் பில்லியர்ட்ஸ் மேசைகள், மரச்சட்டத்தில் மாட்டி வைத்த செய்தித்தாள்கள். வெறுமனே 'காப்பி' என்று கேட்டால் எந்தக் காப்பி என்று திருப்பிக் கேட்பார்கள். நுரைத்த பாலோடு வேண்டுமென்றால் மெலாஞ்ச். கண்ணாடி டம்ளரில் கடுங்காப்பி, மேலே ஒரு குன்று க்ரீம் என்றால் அயின்ஷ்பெனர். சின்னக் கோப்பையில் துளிப்பால் விட்டதற்கு கிளைனர் பிரௌனர். எதைக் கேட்டாலும் ஒரு வெள்ளித்தட்டில் வரும், கூடவே ஒரு டம்ளர் தண்ணீர், அதன் மேல் குறுக்கே ஒரு ஸ்பூன்.

அத்தை முதலில் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். "காப்பி சுமார்தான். ஆனா தண்ணி தேன் மாதிரி இருக்குடி," என்றார். அது சும்மா இல்லை. ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து 1873இலும் 1910இலும் இரண்டு பெரிய குழாய்ப்பாதைகள் போட்டு இந்த ஊருக்குக் கொண்டுவந்த தண்ணீர் அது. குழாயைத் திறந்தாலே வருவது. இந்த காப்பி ஹவுஸ் வாழ்க்கை மொத்தத்தையும் 2011இல் ஆஸ்திரியாவின் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு காப்பிக்கு ஆறு யூரோ பக்கம் கொடுக்கும்போது வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் நீங்கள் வாங்குவது காப்பி மட்டும் இல்லை, ஒரு மேசை. மழை நிற்கும் வரை அது உங்களுடையது. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தார், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பணியாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கருப்பு கோட்டு போட்ட அந்த மனிதர்கள் சிரித்துக் குழைய மாட்டார்கள். பெயர் சொல்ல விரும்பாத ஓர் இடத்தில் எங்களைக் கண்டுகொள்ளவே ஒருவருக்கு வெகுநேரம் பிடித்தது. பில்லும் நாமாகக் கேட்காமல் வராது. கோபித்துக்கொண்டு பயனில்லை. அவர்கள் அவசரப்படுத்தாததும் அதே குணம்தான்.

மாலையில் போவதென்றால் டோரோதேயர் சந்தில் இருக்கும் ஹவெல்கா காப்பி ஹவுஸ். லியோபோல்ட், யோசஃபினே ஹவெல்கா தம்பதி 1939இல் தொடங்கியது. இருட்டான, புகையேறிய சுவர்கள், பழைய போஸ்டர்கள். இப்போது உள்ளே புகைபிடிக்கத் தடை. 2019 நவம்பரிலிருந்து நாடு முழுக்கவே அப்படித்தான். இங்கே கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இரவு எட்டு மணிக்கு மேல் அடுப்பிலிருந்து வரும் புக்டெல்ன், உள்ளே பிளம் ஜாம் வைத்த மெத்தென்ற பன். சூடாக வந்தது, மேலே பொடிச் சர்க்கரை. அத்தையின் முட்டைச் சட்டம் இதற்கும் இடம் கொடுத்தது.

கேக் விஷயத்தை வேகமாக முடிக்கிறேன். 1832இல் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிஷ் வீட்டு விருந்துக்காக ஃபிரான்ஸ் ஸாஹர் என்ற சமையல் பயிற்சிப் பையன் செய்ததாகச் சொல்லப்படும் ஸாஹர்டார்டே என்ற சாக்லேட் கேக்குக்காக, ஸாஹர் ஹோட்டலும் டெமல் மிட்டாய்க்கடையும் வருஷக்கணக்கில் நீதிமன்றம் ஏறின. 1963இல் சமரசம். 'ஒரிஜினல்' என்ற பெயர் ஹோட்டலுக்குப் போனது. ஹோட்டல் கேக்கில் நடுவிலும் சாக்லேட் பூச்சுக்கு அடியிலுமாக இரண்டு இடத்தில் ஆப்ரிகாட் ஜாம். டெமலில் பூச்சுக்கு அடியில் மட்டும். இரண்டையும் சாப்பிட்டுத் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்று கணவர் கிளம்பினார். எனக்கு அந்த வழக்கின் கதைதான் கேக்கைவிட ருசி. கூட வரும் க்ரீமை ஒதுக்காதீர்கள், சர்க்கரை போடாத அந்த க்ரீமோடு சாப்பிடத்தான் கேக்கை அவ்வளவு இறுக்கமாகச் செய்கிறார்கள். மூன்று பேருக்கு ஒரு துண்டு போதும். இடம் என்று பார்த்தால் டெமலுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்: 1786இல் தொடங்கிய கடை, கண்ணாடிக்குப் பின்னால் கேக் செய்வதை நின்று பார்க்கலாம்.

இனி ஷ்னிட்செல், அதாவது மெல்லிசாகத் தட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சி. நம்மில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. மெனுவில் வெறுமனே 'வீனர் ஷ்னிட்செல்' என்று இருந்தால் அது கன்றுக்குட்டி இறைச்சி, சட்டமே அப்படி. பன்றியில் செய்தால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். கோழியில் செய்வதும் பல இடங்களில் உண்டு. 1905 முதல் இருக்கும் ஃபிக்ல்முல்லரின் புகழ்பெற்ற ஷ்னிட்செல் பன்றி இறைச்சிதான், ஆகவே நான் தாராளமாக உட்கார்ந்தேன். கிட்டத்தட்ட 30 செண்டிமீட்டர் அகலம், தட்டைத் தாண்டித் தொங்குகிறது. மெல்லிசு, மேலே மொறுமொறுப்பு, எலுமிச்சை பிழிந்தால் போதும். ஸ்டெஃபான் தேவாலயத்துக்குப் பின்னால் வோல்ட்ஸைலே தெருவிலிருந்து பிரியும் சந்தில் மூலக்கடை. பக்கத்து பேக்கர் தெருவிலும் கிளை. முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். இரண்டு பேருக்கு ஒன்று வாங்கி, கூட ஓர் உருளைக்கிழங்கு சாலட் சொல்லுங்கள்.

அந்த சாலட்டில்தான் சைவர்களுக்கும் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் பொறி இருக்கிறது. பார்த்தால் உருளைக்கிழங்கு, வெங்காயம், வினிகர், எண்ணெய். ஆனால் வியன்னாப் பக்குவத்தில் அதில் மாட்டெலும்பு சூப் ஊற்றிக் கலக்குவார்கள். தெளிவாக, பார்க்க ரசம்போல வரும் சூப்களும் அப்படியே. உள்ளே மிதப்பது மெல்லிசாக நறுக்கிய, தோசை மாதிரியான துண்டுகள், நீந்துவது மாட்டுச் சாறில். மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் A, C, G என்று எழுத்துகள் இருக்கும். அது அலர்ஜிக் கணக்கு: A என்றால் கோதுமை வகைக் குளூட்டன், C முட்டை, G பால். முட்டையைக் கண்டுபிடிக்க உதவும், இறைச்சியைக் கண்டுபிடிக்க உதவாது. G மட்டும் இருக்கிறதே என்று சைவமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாய் திறந்து கேட்பதே வழி, கேட்டால் நேராகப் பதில் சொல்கிறார்கள். சைவர்கள் பைஸலில் நம்பிக் கேட்கக்கூடியவை: பாலாடைக்கட்டியும் வதக்கிய வெங்காயமும் போட்ட கேஸ்ஷ்பெட்ஸ்லே (முட்டை மாவில் செய்தது), மாவில் தோய்த்துப் பொரித்த காளான், பருவத்தில் மஞ்சள் காட்டுக்காளான் க்ரீம் குழம்பு. குழம்பு எதில் செய்தது என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

பைஸலில் நாங்கள் போனது ஹொய்மார்க்ட் தெருவில் உள்ள க்மோவாகெல்லர். 1858இல் தொடங்கியது, கச்சேரி அரங்கமான கொன்ட்செர்ட்ஹவுஸ் பக்கத்திலேயே. மரப்பலகைத் தரை, வேலை முடித்துவிட்டு வந்த உள்ளூர்க்காரர்கள், சத்தம். கணவர் பொரித்த வெங்காயம் குவித்த மாட்டு வறுவலை முடித்துவிட்டுப் பேசவே இல்லை. இதைவிடப் பழைய கடை வேண்டுமென்றால் 1447 வரை தன் வரலாற்றைக் கொண்டுபோகும் கிரீஷன்பைஸல் இருக்கிறது, அங்கே ஓர் அறை முழுக்கப் பிரபலங்களின் கையெழுத்து; மார்க் ட்வைனுடையதும் உண்டு. பார்க்க வேண்டிய அறைதான். ஆனாலும் பழமையை வைத்து ஒரு வேளைச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்து மேசையில் உள்ளூர் மொழி கேட்கிறதா என்று பாருங்கள், அது வருஷத்தைவிடச் சரியான அளவுகோல்.

செலவைக் குறைக்க ஒரு வழி. வேலை நாட்களில் மதியம் பல பைஸல்களில் அன்றைய சாப்பாடு என்று சூப்போடு சேர்த்து ஒரு விலை போடுவார்கள். இரவில் அதே சமையலறைக்கு நிறையவே கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பல நல்ல கடைகள் மூடியிருக்கும், பயணம் சனி ஞாயிறு என்றால் முதலில் அதைப் பாருங்கள். பில் கொடுக்கும்போது டிப்ஸை மேசையில் வைத்துவிட்டு வருவது வழக்கமில்லை. பில் 27 யூரோ என்றால், பணத்தையோ அட்டையையோ நீட்டும்போதே "முப்பது" என்று சொல்லிவிட வேண்டும்.

நடுவில் பசித்தால் ட்ஷெஸ்னியெவ்ஸ்கி. இதுவும் டோரோதேயர் சந்து, 1902 முதல். விரல் நீளக் கருப்பு ரொட்டித் துண்டுகள், மேலே முட்டை, மீன், குடமிளகாய் என்று விதவிதமான பூச்சு. நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போகலாம், கூடக் குடிக்க ஒரு லிட்டரில் எட்டில் ஒரு பங்கு பியர். ஒரு துண்டின் விலை காப்பி ஹவுஸ் காப்பியில் பாதிகூட வராது. இங்கே முட்டை கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது, அத்தை வெளியே நின்று ஜனங்களை வேடிக்கை பார்த்தார்.

சாஸேஜ் கடைக்கு நேரம் முக்கியம். பகலில் போனால் அது ஒரு தள்ளுவண்டி, அவ்வளவுதான். ஆல்பெர்டினா அருங்காட்சியகத்தை ஒட்டி, ஓபராவுக்குப் பின்னால் இருக்கும் பிட்ஸிங்கருக்கு இரவு நிகழ்ச்சி விடும் நேரத்தில் போங்கள். ஓபராவில் நின்று பார்க்கும் டிக்கெட்டை மலிவாக வாங்கிக் கால் கடுக்க நின்றுவிட்டு நாங்கள் நேராக அங்கே போனோம். பட்டுச் சேலை கனத்துக்கு கவுன் போட்ட சீமாட்டிகளும் டாக்ஸி ஓட்டுநர்களும் ஒரே உயர மேசையில் முழங்கை ஊன்றிக் கேஸெக்ரைனர் தின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே பாலாடைக்கட்டி வைத்த சாஸேஜ் அது. கடித்தவுடன் சூடாகப் பீச்சும், சட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடுகு இனிப்பா காரமா என்று கேட்பார்கள், காரம் சொல்லுங்கள். துருவிய குதிரைமுள்ளங்கி கிடைத்தால் விடாதீர்கள், மூக்கு வழியாக மூளைக்கு ஏறும். 2024இல் இந்த சாஸேஜ் கடைகளும் அதே மரபுப் பட்டியலில் ஏறிவிட்டன.

ஒரே ஒரு மாலை மிச்சம் இருக்கிறது, ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் ஹொய்ரிகருக்கு, அதாவது முதலில் சொன்ன திராட்சைத் தோட்ட ஒயின் கடைக்கு, போங்கள். ஒரு தலைநகரத்தின் எல்லைக்குள் 600 ஹெக்டேருக்கும் மேல் திராட்சைத் தோட்டம் இருக்கிறது, டிராமில் உட்கார்ந்தே போகலாம் என்பதை நேரில் பார்க்கும் வரை நான் நம்பவில்லை. தோட்டக்காரர்கள் தங்கள் ஒயினைத் தாங்களே நேராக ஜனங்களுக்கு விற்கலாம் என்று பேரரசர் இரண்டாம் யோசஃப் 1784இல் அனுமதி கொடுத்தார். அதிலிருந்து வந்த வழக்கம். திறந்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம், வாசலில் கட்டித் தொங்கவிட்ட ஊசியிலைக் கிளை. எல்லாக் கடைகளும் எல்லா வாரமும் திறந்திருக்காது, போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

டூர் பஸ்கள் போவது கிரின்ட்ஸிங். ஷோட்டென்டோரிலிருந்து 38ஆம் எண் டிராம். அழகான தெரு, கூட்டமும் அப்படியே. பெயருக்கும் பாட்டுக்கும் சேர்த்து வேண்டுமென்றால் ஹைலிகென்ஷ்டாட்டில் மாயர் அம் ஃபார்ப்ளாட்ஸ், 1817இல் பேட்ஹோவன் குடியிருந்த வீடு. நாங்கள் ஷோட்டென்ரிங்கிலிருந்து 31ஆம் எண் டிராம் பிடித்து, கடைசி நிறுத்தமான ஷ்டாமர்ஸ்டார்ஃபுக்குப் போனோம். டான்யூப் நதியைத் தாண்டி, அடுக்குமாடிகளைத் தாண்டி, டிராம் ஒரு கிராமத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. முற்றத்தில் நீள பெஞ்சுகள், வாதுமை மரம், தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே கவுண்டருக்குப் போய்க் கைகாட்டினால் எடை போட்டுத் தருகிறார்கள். குடிப்பதை மட்டும் மேசைக்குக் கொண்டுவருவார்கள். வெவ்வேறு திராட்சை வகைகளை ஒரே தோட்டத்தில் நட்டு, ஒன்றாகப் பறித்து, ஒன்றாகப் பிழியும் கெமிஷ்டர் ஸாட்ஸ்தான் இந்த ஊரின் சொந்த ஒயின். செப்டம்பர் என்பதால் ஷ்டுர்மும் இருந்தது: பாதி புளித்த, கலங்கலான, இனிப்பான புது ஒயின். இன்னும் புளித்துக்கொண்டே இருப்பதால் பாட்டிலை இறுக்கி மூட முடியாது, நிமிர்த்தியேதான் வைக்க வேண்டும். சாறு மாதிரி இறங்கும், எழுந்திருக்கும்போதுதான் தெரியும்.

அத்தைக்கு இந்தப் பயணத்தில் வயிறு நிறைந்தது இங்கேதான். மிளகாய்ச் சிவப்பில் லிப்டவர் என்ற பாலாடைக்கட்டிப் பூச்சு, கருப்பு ரொட்டி, ஊறுகாய் வெள்ளரி, முட்டைக்கோஸ் சாலட், பெரிய டம்ளரில் திராட்சைச் சாறு. பக்கத்துப் பெஞ்சில் ஒரு பாட்டி அத்தையின் மூக்குத்தியைக் காட்டி ஏதோ கேட்டார். இவர் தமிழில் பதில் சொன்னார். இருவருக்கும் அது போதுமாக இருந்தது. இந்த வகைக் கடைகளில் அட்டை செல்லாமல் போகலாம், கையில் ரொக்கம் இருக்கட்டும்.

அந்த ஒரே ஒரு பெரிய விருந்துக்கு வருகிறேன். ஊர்ப் பூங்காவில் இருக்கும் ஷ்டைரெரெக், உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷ்லின் கையேட்டின் 2025 பட்டியலில் மூன்று நட்சத்திரம் பெற்றது. வாரக்கணக்கில் முன்னதாகத் திட்டமிட வேண்டும், மாலை முழுவதையும் அதற்கே கொடுக்க வேண்டும். அதற்காகவே வருகிறவர்களுக்குச் சரி, போகிற போக்கில் வருகிறவர்களுக்கு இல்லை. நாங்கள் பதிவு செய்தது ஹிம்மெல்ஃபோர்ட் சந்தில் உள்ள டியான். பவுல் இவிச்சின் சமையல், முழுக்கச் சைவம், 2014இலிருந்தே மிஷ்லின் நட்சத்திரம். இதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அத்தைதான். எங்கே போனாலும் மற்றவர்கள் தட்டில் மிச்சம் இருப்பதில் தனக்கு எது ஆகும் என்று தேடுகிறவர், ஒரு வேளையாவது மெனுவைக் கேள்வி கேட்காமல் சாப்பிட வேண்டும். சின்னச் சின்னத் தட்டுகளாக வந்துகொண்டே இருந்தன. எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். சில தட்டுகளில் புத்திசாலித்தனம் ருசியை முந்திவிடுகிறது. ஆனால் வேர்க்காய்களையும் காளானையும் இத்தனை கவனத்தோடு நடத்துகிற சமையலறையை நான் பார்த்ததில்லை. அத்தை ஒவ்வொரு தட்டுக்கும் "இது என்னன்னு கேளு" என்று கேட்கவைத்து, பணியாளர் சொல்லி முடிக்கும் வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விலை வலிக்கும். மதியச் சாப்பாடு கிடைக்கிற நாளாகப் பார்த்தால் கொஞ்சம் குறைவாக வலிக்கும்.

கிளம்பும் நாளன்று அத்தைக்குச் சோறு வேண்டும் என்றாகிவிட்டது. என் சொந்த விதிப்படி இது தப்பு, ஆனால் வியன்னாவில் இதற்கும் வியன்னாத்தனமான ஓர் இடம் உண்டு. ஷோட்டென்டோர் பக்கம், லீஹ்டென்ஷ்டைன் தெருவில் டெர் வீனர் தீவான். பாகிஸ்தானி பஃபே, 2005 முதல். சோறு, பருப்பு, சைவக் குழம்பு, அசைவக் குழம்பு, வேண்டுமட்டும் போட்டுக்கொள்ளலாம். சாப்பாட்டுக்கு விலை கிடையாது, உங்கள் மனசுக்குத் தோன்றியதைக் கொடுக்கலாம். குடிப்பதற்கு மட்டும் விலை. மாணவர்களும் ஆபீஸ் ஆட்களும் தட்டோடு உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். அத்தை பருப்பை இரண்டாம் முறை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் கணக்கில் இறங்கினார்.

"இதுக்கு என்னடா குடுக்கணும்?"

"உங்க இஷ்டம்மா. தோணுறதைக் குடுங்க."

"முந்தாநாள் சின்னச் சின்னத் தட்டா வந்துதே, அங்க எவ்வளவு குடுத்தே? அதை வச்சுச் சொல்றேன்."

கணவர் தண்ணீர் எடுக்க எழுந்து போய்விட்டார். நான் பன்னிரண்டு யூரோ சரியாக இருக்கும் என்றேன், பைஸல் மதியச் சாப்பாட்டை மனதில் வைத்து. அத்தை பதினைந்தாகக் கொடுத்தார். டியான் பில் எவ்வளவு என்று இன்றுவரை அவருக்கு நாங்கள் சொல்லவில்லை.